பெயருக்கு நடுவில் இரண்டெழுத்து

மாடில்டாவுக்கு ஒரு நாள் கோபம் வரவில்லை என்றால் பெர்னாட் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், காய்ச்சலோ என்று. முப்பத்தோரு வருடக் குடித்தனத்தில் அப்படித் தொட்டுப் பார்த்தது மூன்றோ நான்கோ தடவைதான். மற்ற நாளெல்லாம், கோலசிலாங்கூர் தாமான் குடியிருப்பு வீட்டின் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் ஒரு பிள்ளையை மாடில்டா திட்டிக்கொண்டிருப்பார்.

திட்டு வாங்குகிறவர்கள் எல்லாரும் சுற்று வட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகள். வெளிநாடு போய்ப் படித்துப் பட்டமும் வாங்கிவிட்டவர்கள். வாங்கிய பட்டத்துக்கு அங்கே ஒரு முதல் வேலை கிடைக்காமல் ரொட்டிக்கடையிலும் கிடங்கிலும் மூட்டை அடுக்கிக்கொண்டிருப்பவர்கள். அவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்க மாடில்டா ஒன்றும் ஏஜெண்டு இல்லை. காசும் வாங்குவதில்லை. அவரிடம் இருந்த ஒரே தகுதி, ரவாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் ஆள் சேர்ப்புப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்ததுதான். தோட்டத்து லயத்தில் பிறந்து, டைப்பிங் படித்து, விடிவதற்கு முன் வேனில் ஏறிப் போய்ச் சம்பாதித்த தகுதி அது.

அந்த ஆபீசில் அவர் மேசை மேல் மூன்று தட்டுகள் இருந்தன. முதல் தட்டு கூப்பிட வேண்டியவர்கள். இரண்டாவது, பார்க்கலாம். மூன்றாவது தட்டில் அவர் கையாலேயே ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருந்தார்: பெயர் ஒத்துப்போகவில்லை. ஐசி என்கிற அடையாள அட்டையில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் என்று வருகிற விண்ணப்பமெல்லாம் அதில் விழும். அதில் விழுந்த ஒருவரையும் யாரும் கூப்பிட்டதில்லை. தொழிற்சாலை வேறு மாநிலத்துக்குப் போனபோது மாடில்டா வீட்டுக்கு வந்தார். தட்டுகள் அங்கேயே நின்றுவிட்டன.

"எந்தக் காகிதம் குப்பைக்குப் போவும்னு எனக்குத் தெரியும். நான்தானே போட்டேன்" என்பார்.

முதலில் கரையேறியவன் அவர் மகன் ஈதன். நியூசிலாந்தில் படித்து அங்கேயே ஒரு மருந்துக் கம்பெனியில் சேர்ந்தான். சேர்ந்த முதல் வாரமே ஒரு கூத்து நடந்தது. பாஸ்போர்ட்டில் அவன் பெயர் ஈதன் ஏ/எல் பெர்னாட். மலாயில் அனாக் லெலாக்கி, இன்னாரின் மகன் என்று நம் நாட்டுத் தமிழர் எல்லாருக்கும் போடுவதுதான். அந்த ஊர்க் கம்ப்யூட்டர் நடுவில் இருந்த கோட்டை விழுங்கிவிட்டு, மிச்சமிருந்த இரண்டெழுத்தைச் சேர்த்து 'ஆல்' என்று படித்தது. கழுத்தில் மாட்டுகிற அட்டையில் ஆல். ஈமெயிலில் ஆல். கிறிஸ்துமஸ் விருந்துப் படத்தின் கீழே, இடமிருந்து மூன்றாவது ஆல். பையனும் வாயைத் திறக்கவில்லை.

"ஒன்பது மாசம் சுமந்து, பைபிள புரட்டி, உங்க தாத்தாகிட்ட சண்ட போட்டு வச்ச பேருடா அது" என்று மாடில்டா போனில் கத்தினார்.

"இருக்கட்டும் லா மம்மி. ஈஸியா கூப்பிடுறாங்க."

அந்த ஈஸி என்ற வார்த்தை அவரை ஐந்து வருடமாகக் குடைகிறது. அன்றிலிருந்து தம்மிடம் வரும் பிள்ளைகளுக்கு அவர் போட்ட முதல் சட்டம், வேலை விண்ணப்பத்தில் மகனுக்குப் போடுகிற ஏ/எல், மகளுக்குப் போடுகிற ஏ/பி எதுவும் கூடாது என்பது. பெயர், அப்பா பெயர், அவ்வளவுதான். வெள்ளைக்காரனிடம் போய் அனாக்குக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

கங்கா வந்தது போன வருடக் கடைசியில். சுங்கை ஆயர் தாவாரில் இருக்கும் காளியண்ணனின் ஒரே மகள். காளியண்ணன் சுங்கை பஞ்சாங் வயல்களிலிருந்து ஆலைக்கு நெல் ஏற்றும் லோரி ஓட்டுகிறார். பெண் அடிலெய்டில் நீர்ப் பொறியியல் படித்துத் தேறியிருந்தாள். படிப்புக்குப் பிறகு தங்கிக்கொள்ள விட்ட விசா ஆகஸ்டில் முடிகிறது. அதற்குள் படிப்புக்கேற்ற வேலை ஒன்று கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும். நூற்று நாற்பத்து மூன்று இடத்துக்கு எழுதிப் போட்டிருந்தாள். நூற்று நாற்பத்து மூன்றும் கிணற்றில் போட்ட கல்.

அவள் அனுப்பிய ரெஸ்யூமைத் திறந்த மாடில்டா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இது ரெஸ்யூமா, ஜாதகமா?"

"ஏன் ஆன்ட்டி?"

"உயரம் போட்டிருக்க. எடை போட்டிருக்க. இனம், மதம், அப்பா என்ன வேல, அம்மா என்ன வேல. பொண்ணு பார்க்கவா வர்றாங்க? இது என்ன, ஆறாம் வகுப்புல ஏழு ஏ?"

"யூபிஎஸ்ஆர் ஆன்ட்டி. பேப்பர்ல கூட படம் வந்துச்சு."

மாடில்டா மடிக்கணினியைப் பாதி மூடி, பத்து வரைக்கும் எண்ணி, மறுபடியும் திறந்தார். சமையலறையில் பெர்னாட் கோப்பி கலக்குகிற சத்தம் கேட்டது. கரண்டி கொஞ்சம் மெதுவாகச் சுற்றியது, காது இந்தப் பக்கம் இருந்ததால்.

"சரி. கடைசி வருசம் என்ன புரொஜெக்ட் செஞ்ச?"

"நாங்க ஒரு டவுனுக்கு வெள்ள வடிகால் டிசைன் செஞ்சோம்."

"நாங்கன்னா?"

"நாலு பேரு."

"அதுல நீ என்ன செஞ்ச?"

"நான் சும்மா ஆன்ட்டி. எவ்வளவு தண்ணி வரும், எவ்வளவு அகலம் வேணும்னு கணக்கு மட்டும் போட்டேன்."

"மத்த மூணு பேரு?"

"ஒருத்தன் படம் வரைஞ்சான். ஒருத்தி டைப் பண்ணா. இன்னொருத்தன் வரல."

"அப்ப அந்த வடிகால் யாரோடது?"

"என்னோடதுன்னு எப்படி ஆன்ட்டி எழுதுறது? பெருமையடிக்கிற மாதிரி இருக்காதா?" என்றாள்.

இந்த இடத்தில்தான் மாடில்டாவுக்கு எப்போதும் தலை சுற்றும். லீட்சில் இருந்த பையனும் இப்படித்தான், பெர்த்தில் இருந்த பெண்ணும் இப்படித்தான். நாலு வருடம் உயிரைக் கொடுத்துப் படித்துவிட்டு, என்ன செய்தாய் என்று கேட்டால் சும்மா என்கிறார்கள். கூடப் படித்தவன் ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்ததற்கு அரைப் பக்கம் எழுதுகிறான். இவர்கள் ஒரு ஊரின் வெள்ளத்தையே கணக்குப் போட்டுவிட்டு மூக்கைச் சொறிந்துகொண்டு நிற்கிறார்கள்.

ஐந்து மாதம் போராட்டம் நடந்தது. 'சும்மா'வுக்குத் தடை. 'நாங்க'வுக்குத் தடை. ஒரு குழுவைப் பொறுப்பெடுத்து நடத்த முடியுமா என்று பயிற்சிக்காகக் கேட்டால், முடியும் என்பதற்கு "கேன்" என்று ஒற்றை வார்த்தையில் நிறுத்திவிடுவாள். அதோடு நிற்காமல் சில சமயம் நம் ஊர்ப் பேச்சின் ஒரு லாவும் சேரும். "கேன்னுட்டு வாய மூடிட்டா அவன் அடுத்த ஆளக் கூப்பிட்டுருவான். எப்ப செஞ்ச, எங்க செஞ்ச, என்ன ஆச்சு, அதச் சொல்லு" என்று மாடில்டா தொண்டை வற்றக் கத்துவார். பிள்ளையும் சலிக்காமல் சொல்லிப் பார்த்தாள். ஒரு விண்ணப்பம் போனால் அதை மூன்று தடவை திருத்தினார்கள். பெயர் மட்டும் மாடில்டா சட்டப்படி, கங்கா காளியண்ணன்.

ஜூன் தொடக்கத்தில் ஒரு சின்ன வடிகால் கம்பெனி நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. ஒரு மணி நேரம் பேசினார்கள். நல்லபடியாக முடிந்தது. உங்களை எடுத்துக்கொள்ள விரும்புகிறோம், ஆவணங்களைச் சரிபார்க்க ஒரு நிறுவனத்திடம் கொடுத்திருக்கிறோம், அது முடிந்ததும் கடிதம் வரும் என்றார்கள். கங்கா அழுதுகொண்டே சொன்னாள். காளியண்ணன் ஒரு குலை வாழைப்பழத்தோடு வந்து, அதை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் கங்கா மறுபடியும் கூப்பிட்டாள். மாடில்டா மீன் பொரித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் தெறித்தது.

"ஆன்ட்டி, செக் பண்றவங்க ஃபார்ம் அனுப்பியிருக்காங்க. வேற ஏதாவது பேர் உங்களுக்கு உண்டான்னு கேட்டிருக்கு. என்ன போடுறது?"

"உனக்கு என்ன, நாலு பேரா இருக்கு? இல்லன்னு போடு."

மீனைத் திருப்பிப் போட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பிறகு பன்னிரண்டு நாள் ஒரு தகவலும் இல்லை. மாடில்டாவுக்குப் பொறுக்கவில்லை. நீதான் ஏதோ உளறியிருக்கிறாய் என்று கங்காவைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் லா போட்டாயா? தலையைக் குனிந்துகொண்டே பேசினாயா? சம்பளம் எவ்வளவு என்று கேட்டதற்கு எது கொடுத்தாலும் சரி என்றாயா? அந்தப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் இல்லை ஆன்ட்டி, இல்லை ஆன்ட்டி என்றது. குரல் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போனது. பதின்மூன்றாம் நாள், வியாழக்கிழமை மத்தியானம், ஈமெயிலில் குப்பைப் பகுதியைத் திறந்து பார்த்தாயா என்று மாடில்டா கேட்டார். பார்க்கவில்லை. பார்த்தாள். இருந்தது.

அவள் அனுப்பி வைத்த, சரிபார்க்கும் நிறுவனத்தின் ஈமெயிலை மாடில்டா இரண்டு தடவை படித்தார். பல்கலைக்கழகத்தில் கங்கா காளியண்ணன் என்ற பெயரில் யாரும் பட்டம் பெறவில்லை. கங்கா ஆப் காளியண்ணன் என்று ஒருவர் இருக்கிறார். உங்களுக்கு வேறு பெயர் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். நீங்கள் சொன்னால் போதாது. இருவரும் ஒருவரே என்று பெற்றோரில் ஒருவர் அதிகாரி முன் சத்தியம் செய்த பத்திரம் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் வர வேண்டும். வராவிட்டால், ஒத்துப்போகவில்லை என்று கம்பெனிக்கு எழுதிவிடுவோம்.

கங்காவின் ஏ/பிதான் அங்கே ஆப் ஆகியிருந்தது. மூன்றாவது தட்டு. இருபத்திரண்டு வருடம் கையெழுத்துக் கூட மாறாமல் நிரப்பிய தட்டில், அந்தப் பிள்ளையை நாமே தூக்கிப் போட்டிருக்கிறோம் என்று மாடில்டாவுக்குப் புரிந்தது. தனக்கு எல்லாம் தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததை நினைக்க, அவருக்கு அவர் மேலேயே ஆத்திரம் வந்தது.

"கங்கா, இது உன் தப்பு இல்ல. என் தப்பு. நான்தான் எடுக்கச் சொன்னேன், நான்தான் இல்லன்னு போடச் சொன்னேன்."

"பரவாயில்ல ஆன்ட்டி."

"பரவாயில்லன்னு சொல்லாத. ரெண்டு வார்த்த திட்டு."

"திட்ட வரல ஆன்ட்டி" என்றாள் அந்தப் பெண். அது திட்டை விட மோசமாக இருந்தது.

அடிலெய்டில் நாலு மணி என்றால் இங்கே இரண்டரை. வெள்ளிக்கிழமை காலையில் பத்திரத்தை அச்சடித்துக்கொண்டு, பெர்னாட் காடியை எடுக்க, சுங்கை பெசாருக்குப் போனார்கள். அங்கே கடைவீட்டு மாடியில் நடராஜா இருந்தார். கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சத்தியப் பத்திரத்துக்கு முத்திரை குத்தும் அதிகாரம் உள்ளவர். அறுவடைக் காலம். காளியண்ணன் விடியற்காலையிலிருந்து ஆலை வரிசையில் லோரியோடு நின்றிருந்தார். முன்னால் இன்னும் நாலே லோரிதான். விட்டு வந்தால் மறுபடியும் வாலில்தான் நிற்க வேண்டும். மாடில்டா போனில் விசயத்தைச் சொன்னதும், "வர்றேன்க்கா" என்று நெல்லோடு கிளம்பிவிட்டார். பன்னிரண்டரைக்கு அந்த நீள லோரி கடைவீதியில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் ஹாரன் அடித்தவர்களை பெர்னாட் சமாளித்தார்.

நடராஜா காளியண்ணனின் ஐசியை வாங்கி, பத்திரத்தின் பக்கத்தில் வைத்து, விரலால் எழுத்தெழுத்தாகத் தடவினார்.

"இதுல நடுவுல ரெண்டு என் எழுத்து. ஐசியில ஒரு என்தான் இருக்கு. பேரு ஒத்துப்போகலயே, சிஸ்டர்."

மாடில்டா ஐசியைப் பிடுங்கிப் பார்த்தார். "அப்பனுக்கும் இதே கதைதானா?"

"பிறந்தப்ப தோட்டத்துக் கிராணி எழுதுனது" என்றார் காளியண்ணன், தன் குற்றம் போல. "மகளுக்கு நான் சரியா எழுதச் சொன்னேன்."

"அது பெரிய விசயமில்ல. நடுவுல ஒரு @ போட்டு ரெண்டு பேரையும் எழுதிருவோம்" என்றார் நடராஜா. நம் நாட்டில் இரண்டு பெயர் உள்ளவர்களுக்கு அப்படித்தானே போடுவது.

"@ போட்டா அங்க ஈமெயிலுன்னு நெனச்சு பதில் போடுவான் ஐயா. ஏற்கெனவே ஒரு கோட்டப் பார்த்து மிரண்டு நிக்கிறாங்க. இன்னும் புதுசா ஒண்ணு வேண்டாம். 'என்றும் அழைக்கப்படும்'னு முழுசா எழுதுங்க."

நடராஜாவின் பழைய கம்ப்யூட்டர் திறந்து, திருத்தி, அச்சடிக்க நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடமும் மாடில்டா பிரிண்டரைத் திட்டினார், மின்விசிறியைத் திட்டினார், பத்தாண்டுகளுக்கு முன் செத்துப்போயிருக்கக்கூடிய ஒரு தோட்டத்துக் கிராணியைத் திட்டினார். தன்னை மட்டும் மனசுக்குள் திட்டினார்.

சத்தியம் செய்கிறவருக்குப் பத்திரத்தைப் படித்துச் சொல்ல வேண்டும் என்பது முறை. நடராஜா தமிழில் சொன்னார். "கங்கா ஏ/பி காளியண்ணன் என்பவரும், கங்கா காளியண்ணன் என்பவரும் ஒரே ஆள், என் மகள்."

காளியண்ணன் சட்டையிலிருந்த நெல் தூசியைத் தட்டிக்கொண்டே கேட்டார். "நடுவுல இருந்த ஏ/பிய யாரு எடுத்தா?"

"நான்தான் தம்பி" என்றார் மாடில்டா.

"ஏங்க்கா?"

"அங்க இருக்கறவங்களுக்கு அது புரியாது."

"புரியலன்னா கேட்டுட்டுப் போறாங்க. மகள்னு சொல்லிட்டுப் போறோம்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். குத்திக் காட்டுகிற குரல் அதில் இல்லை. இருந்திருந்தால் மாடில்டா திருப்பி ஏதாவது சொல்லியிருப்பார்.

பத்திரம் இரண்டு மணி பதினோரு நிமிடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. காளியண்ணன் ஆலைக்குத் திரும்பினார். வரிசையில் இருபத்தாறாவது இடம் கிடைத்தது.

திங்கட்கிழமை காலையில் மாடில்டா பசியாறிக்கொண்டிருந்தபோது கங்காவிடமிருந்து கடிதத்தின் படம் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. ஜூலை முதல் வாரம் சேர வேண்டும். விசாவுக்கும் அவர்களே எழுதிக் கொடுக்கிறார்கள். மாடில்டா சிலுவைக் குறி போட்டுக்கொண்டு கடிதத்தை மேலிருந்து நிதானமாகப் படிக்கத் தொடங்கினார். முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

'அன்புள்ள ஆப்,' என்றிருந்தது.

"பார்த்தீங்களா" என்று பெர்னாட்டிடம் போனை நீட்டினார். "இவ்வளவு சத்தியம் பண்ணி, முத்திர குத்தி, ஒரு நாள் நெல்லக் காய வச்சு அனுப்பினா, ஆப்பாம். பிள்ளை என்ன, போன்ல எறக்குற சாமானா? நல்லா வச்சான் ஆப்பு. முதல் நாளே இதத் திருத்தச் சொல்லணும், இல்ல காலம் பூரா இவ ஆப்தான். என் மவன் இன்னும் ஆலா கெடக்கான்."

தோசை ஆறிக்கொண்டிருந்தது. மாடில்டா அதைத் தள்ளி வைத்துவிட்டு, கம்பெனிக்கு எப்படி எழுத வேண்டும் என்று கங்காவுக்கு நீளமாக ஒரு செய்தி தட்டினார். பாதியில் போன் அடித்தது. காளியண்ணன். பின்னால் லோரிகளின் இரைச்சல் கேட்டது. மறுபடியும் வரிசையில்தான் இருந்தார்.

"அக்கா, கடுதாசி பார்த்தீங்களா?"

"பார்த்தேன் தம்பி. கோபப்படாதீங்க. பேரத் தப்பாப் போட்டிருக்கான். நான் திருத்த வச்சிடறேன்."

"தப்பா?" என்றார் காளியண்ணன். "ஏபின்னா அனாக் பெரம்புவான் தானேக்கா. மொத வரியிலயே அன்புள்ள மகளேன்னு போட்டிருக்கான். புள்ள அங்க தனியா இருக்கேன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். இப்ப கொஞ்சம் நிம்மதியா இருக்கு."

"சரி தம்பி, வரிசைய விட்றாதீங்க" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார் மாடில்டா.

தட்டி வைத்திருந்த செய்தியைப் பார்த்தார். அதை அழித்துவிட்டு, 'முதல் நாள் பத்து நிமிடம் முன்னதாகப் போ' என்று அனுப்பினார். பிறகு அதே நாற்காலியில் உட்கார்ந்தபடி ஈதனைக் கூப்பிட்டார். நியூசிலாந்தில் மத்தியானம். ஆல் என்றால் அனாக் லெலாக்கி; ஐந்து வருடமாக ஒரு ஆபீஸ் முழுக்க அந்தப் பையனை மகனே மகனே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது, அதற்காக இங்கிருந்து அவனைத் திட்டிக்கொண்டிருந்தோமே என்று அவருக்குத் தோன்றியது.

"மம்மி? என்னாச்சு, இந்த நேரத்துல?"

"ஒண்ணுமில்ல" என்றார் மாடில்டா. "சாப்பிட்டியா, ஆல்?"

பெர்னாட் எழுந்து வந்து மனைவியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.